கடலில் சரக்கு, யாரிடம் பணம்?

2021ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், எகிப்து நாட்டின் சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ என்னும் சரக்குக் கப்பல் குறுக்காகத் திரும்பிக் கரையில் சிக்கிக்கொண்டது. 400 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல், ஜொகூர் மாநிலத்தின் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்திலிருந்து நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அதில் ஏறத்தாழ 18,300 கொள்கலன்கள் இருந்தன. ஆறு நாள்களுக்குப் பின் கப்பல் மீட்கப்பட்டது. எனினும், இழப்பீட்டுத் தகராறு தீரும்வரை கால்வாய் ஆணையம் அதனைப் போகவிடவில்லை. ஜூலை 7ஆம் நாள்தான் கப்பல் தன் பயணத்தைத் தொடர்ந்தது.

அந்த மூன்றரை மாதங்களில் கப்பலின் படம் உலகெங்கும் நாளிதழ்களில் வெளிவந்தது. படத்தில் தெரியாத செய்தி ஒன்றும் இருந்தது. கொள்கலன்களில் இருந்த ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு நாட்டில் விற்பவரும் வேறொரு நாட்டில் வாங்குபவரும் இருந்தனர். சில சரக்குகளுக்கு வாங்குபவர் முழுத் தொகையையும் முன்னரே செலுத்தியிருப்பார். அவரிடம் பணமும் இல்லை, பொருளும் இல்லை. வேறு சில சரக்குகளை விற்பவர் ஒரு சென் கூடப் பெறாமல் அனுப்பியிருப்பார். சரக்கு போய்ச் சேர்ந்தால்தான் அவருக்குப் பணம். இன்னும் சிலவற்றில், விற்பவர் தம் பணத்தைப் பெற்றுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார். கவலை ஒரு வங்கியுடையது. ஒரே கப்பல், ஒரே மணல்மேடு. ஆயினும், யாருடைய பணம் சிக்கிக்கொண்டது என்பது, கப்பல் புறப்படுவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட ஒரு வரியைப் பொறுத்திருந்தது. பணம் எப்போது, எவ்வாறு செலுத்தப்படும் என்பதே அந்த வரி.

கடையில் ரொட்டி வாங்கும்போது இந்தச் சிக்கல் எழுவதில்லை. ஒரு கையால் பணத்தைக் கொடுத்து மறு கையால் பொருளைப் பெற்றுக்கொள்கிறோம். கிள்ளான் துறைமுகத்தில் ஏற்றப்படும் சரக்கு ஐரோப்பாவை அடையப் பல வாரங்கள் ஆகும். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள். இருவர் நாட்டுச் சட்டங்களும் வெவ்வேறு. ஏமாற்றப்பட்டால் எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது என்பதே ஒரு வழக்காகிவிடும். ஆகவே, “பணம் வரட்டும், சரக்கை அனுப்புகிறேன்” என்கிறார் விற்பவர். “சரக்கு வரட்டும், பணத்தை அனுப்புகிறேன்” என்கிறார் வாங்குபவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அனைத்துலக வணிகத்தில் உள்ள பணம் செலுத்தும் முறைகள் யாவும், இடைப்பட்ட அந்த வாரங்களில் கவலையை யார் சுமப்பது என்ற கேள்விக்கு வணிகர்கள் கண்ட விடைகளாகும்.

கையுறையும் ஆடையும்

விற்பவருக்கு மிகவும் வசதியான முறை முன்பணம். பணம் முழுவதுமோ ஒரு பகுதியோ கைக்கு வந்த பிறகே அவர் சரக்கை அனுப்புவார். சாதாரணக் காலத்தில் பெரிய வாடிக்கையாளர்கள் இதற்கு எளிதில் உடன்படுவதில்லை. கோவிட்-19 பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டு சாதாரணக் காலமாக இருக்கவில்லை.

உலகில் பயன்படும் ரப்பர் கையுறைகளில் பாதிக்கும் மேற்பட்டவை அப்போது மலேசியாவிலிருந்து சென்றன. மருத்துவமனைகள் கையுறைக்காகத் தவித்தன. தொழிற்சாலைகள் இரவும் பகலும் இயங்கியும் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பல மாதங்களுக்குப் பின் கிடைக்கவிருக்கும் கையுறைக்கு அன்றே ஆணை கொடுக்க வேண்டியிருந்தது. அந்நிலையில் உற்பத்தியாளர்கள் முன்பணம் கேட்டார்கள். வெளிநாட்டினர் மறுபேச்சின்றிக் கொடுத்தார்கள். நேர்மையான ஆலைகளைப் பொறுத்தவரை இதனால் தீங்கு ஏதும் நேரவில்லை. ஆனால், முன்பணம் கொடுக்க உலகமே வரிசையில் நிற்பதைக் கண்ட வேறு சிலரும் சந்தைக்குள் நுழைந்தார்கள். தாய்லாந்தில் ஒரு கிடங்கைச் சோதனையிட்ட அதிகாரிகள், பழைய, கறைபடிந்த கையுறைகளைத் தொழிலாளர்கள் புதிய பெட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்ததைக் கண்டனர். அத்தகைய கையுறைகள் கொள்கலன் கொள்கலனாக அமெரிக்காவுக்கும் சென்றன. பெட்டியைத் திறந்து பார்த்தபோது, வாங்கியவரின் பணம் எப்போதோ கைமாறியிருந்தது. முன்பணத்தின் ஆபத்து இதுதான். வாங்குபவரின் கையில் மிஞ்சுவது நம்பிக்கை ஒன்றே. சரக்கு மோசமாக இருந்தால் பிடித்து நிறுத்துவதற்கு அவரிடம் ஒன்றும் இராது.

இதற்கு நேரெதிரான முறை திறந்த கணக்கு. சரக்கு முதலில் போகும். பணம் 30 நாள், 60 நாள் அல்லது 90 நாள் கழித்து வரும். மலேசியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டப்புறங்களிலும் கம்பங்களிலும் மளிகைக் கடைக்காரர் ‘555’ என்று அட்டையில் அச்சிட்ட சின்னஞ்சிறு குறிப்பேட்டில் கணக்கெழுதி அரிசியும் சீனியும் கொடுப்பார். சம்பள நாளன்று கடன் தீர்க்கப்படும். கடைக்காரருக்கு வாடிக்கையாளரின் வீடு தெரியும், அவர் தந்தையைத் தெரியும், சம்பளத் தேதியும் தெரியும். கடல் கடந்த வணிகத்தில் இவற்றில் ஒன்றும் தெரியாமலேயே அதே குறிப்பேட்டைத் திறக்க வேண்டியிருக்கிறது.

கையுறைக்கு முன்பணம் குவிந்த அதே 2020ஆம் ஆண்டில், வங்காளதேச ஆடைத் தொழிற்சாலைகளுக்கு நேர்ந்தது வேறு. அங்கே தைக்கப்படும் ஆடைகளை வாங்கும் மேற்கத்திய நிறுவனங்களில் பல, ஆடை கப்பலேறிப் பல வாரங்கள் கழிந்த பிறகே பணம் செலுத்தும் வழக்கம் உடையவை. மார்ச் மாதத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடப்பட்டதும், அந்நிறுவனங்கள் ஆணைகளை நீக்கின அல்லது நிறுத்திவைத்தன. அவ்வாறு பாதிக்கப்பட்ட ஆணைகளின் மதிப்பு 300 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியதாக அந்நாட்டு ஆடை ஏற்றுமதியாளர் சங்கம் அறிவித்தது. துணி வாங்கியாயிற்று, தைத்தும் ஆயிற்று. பணம் மட்டும் வரவில்லை. இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பலருக்குச் சம்பளம் கிடைக்கவில்லை. பின்னர் எழுந்த கண்டனத்தால் சில நிறுவனங்கள் மனம் மாறிப் பணம் செலுத்தின. ஆனால், அதற்குள் பல குடும்பங்கள் பல வாரங்களை வருமானமின்றிக் கழித்துவிட்டன.

ஓர் ஆண்டு, இரு நாடுகள், இரு பொருள்கள். கையுறை விற்றவருக்குப் பணம் முன்னால் வந்தது. ஆடை விற்றவருக்குப் பின்னாலும் வரவில்லை. வணிகப் பாடநூல்கள் பல, பணம் செலுத்தும் முறைகளை உணவகத்தின் விலைப்பட்டியல்போல் வரிசைப்படுத்தி, வணிகர் தமக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்வார் என்று கூறுகின்றன. நடைமுறையில் தேர்ந்துகொள்பவர் ஒருவர், ஒப்புக்கொள்பவர் மற்றொருவர். யாருடைய தேவை அவசரமானதோ அவர் தலையில்தான் ஆபத்து விழுகிறது.

நடுவில் ஒருவர்

இரு தரப்பினரும் ஏறத்தாழச் சம பலத்துடன் இருந்தால், ஒருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அப்போது இருவரும் நம்பும் ஒருவர் நடுவில் தேவைப்படுகிறார்.

இந்த ஏற்பாடு தமிழர்களுக்குப் புதிதன்று. இன்று ‘உண்டியல்’ என்றதும் கோயிலில் காணிக்கை செலுத்தும் பெட்டியோ சிறுவர் காசு சேர்க்கும் கலயமோதான் நினைவுக்கு வரும். இச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. பினாங்கிலும் கோலாலம்பூரின் லெபோ அம்பாங்கிலும் கடை வைத்திருந்த நகரத்தார், உண்டியல் என்னும் தாளைக் கொண்டு கடல் கடந்து பணம் செலுத்தினர். பினாங்கில் ஒருவர் பணத்தைக் கட்டினால், “இதைக் கொண்டுவருபவருக்கு இவ்வளவு தொகை கொடுக்கவும்” என்று இரங்கூனில் உள்ள கடைக்கு எழுதித் தருவார்கள். நாணயங்களை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்ற வேண்டியதில்லை. பார்த்தவுடன் பணம் கொடுக்க வேண்டிய உண்டியலும் இருந்தது, குறிப்பிட்ட நாள் கழித்துக் கொடுக்க வேண்டிய தவணை உண்டியலும் இருந்தது. தாளுக்கு என்று தனி மதிப்பு ஏதுமில்லை. எழுதிய கடையின் பெயருக்கு இரங்கூனில் மதிப்பு இருந்தது. அதனால் தாள் பணமாயிற்று. இன்றைய வங்கிகள் பயன்படுத்தும் மாற்றுச்சீட்டிலும் இதே இரு வகைகள் உள்ளன.

நடுவில் வங்கியை வைக்கும் எளிய முறை, ஆவண வசூல் எனப்படும். விற்பவர் சரக்கைக் கப்பலில் ஏற்றிவிட்டு, அதற்குரிய ஆவணங்களைத் தம் வங்கியிடம் கொடுப்பார். அவ்வங்கி அவற்றை வாங்குபவரின் ஊரிலுள்ள வங்கிக்கு அனுப்பும். வாங்குபவர் அங்கே பணத்தைக் கட்டினால் ஆவணங்கள் கிடைக்கும். ஆவணங்களைக் காட்டினால் துறைமுகத்தில் சரக்கு கிடைக்கும்.

ஆவணத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? கப்பல் நிறுவனம் சரக்கைப் பெற்றுக்கொண்டதும் ஒரு சீட்டு வழங்குகிறது. கப்பல் சரக்குச் சீட்டு என்று அதனைக் கூறலாம். வணிகர்கள் சுருக்கமாக ‘பி.எல்.’ என்பார்கள். சரக்கு இன்ன நிலையில் ஏற்றப்பட்டது என்பதற்கு அது பற்றுச்சீட்டு. இன்ன துறைமுகத்துக்குக் கொண்டுசேர்ப்போம் என்பதற்கு அது சான்று. அனைத்துக்கும் மேலாக, அந்த மூலச் சீட்டை முறைப்படி கையில் வைத்திருப்பவருக்கே சரக்கு உரியது. அடகுக் கடைச் சீட்டை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். நகை கடையின் இரும்புப் பெட்டியில் இருக்கும். அதை மீட்கும் உரிமை சீட்டில் இருக்கும். அடகுக் கடையைவிடக் கப்பல் சீட்டு ஒரு படி மேலே போகிறது. கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே சீட்டைப் பிறருக்கு மாற்றிக் கொடுத்துச் சரக்கை விற்றுவிடலாம். ஒரு கப்பல் எண்ணெய், துறைமுகத்தைத் தொடுவதற்குள் பல கைகள் மாறுவது உண்டு.

ஆவண வசூலில் வாங்குபவர் பணம் கட்டாமல் சரக்கை எடுக்க முடியாது. ஆனால், அவர் வங்கிப் பக்கமே வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது? 2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு டன் கச்சாச் செம்பனை எண்ணெயின் விலை 4,000 ரிங்கிட்டைத் தாண்டியது. அக்டோபர் இறுதிக்குள் அது 1,500 ரிங்கிட்டுக்கும் கீழே சரிந்தது. உச்ச விலையில் ஒப்பந்தம் செய்திருந்த வெளிநாட்டு வணிகர்கள் சிலர், ஒப்பந்தத்தைக் கைவிட்டுவிட்டு வெளிச்சந்தையில் மலிவாக வாங்கவே விரும்பினர். விலையைக் குறைத்தால்தான் ஆச்சு என்று வேறு சிலர் பேரம் பேசினர். அத்தகைய நேரத்தில் வங்கி வெறும் தபால்காரர்தான். ஆவணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும், பணத்துக்குப் பொறுப்பேற்காது. சரக்கோ அயல்நாட்டுத் துறைமுகத்தில் கிடக்கும். ஒவ்வொரு நாளும் வாடகை ஏறிக்கொண்டே போகும்.

வங்கியின் வாக்கு

தபால்காரராக இருந்த வங்கியைப் பொறுப்பாளியாக்குவதே கடனுறுதிக் கடிதம். துறைமுக வட்டாரத்தில் இதனை ‘எல்.சி.’ என்றே அழைக்கிறார்கள். கிள்ளானைச் சேர்ந்த ஏற்றுமதியாளர் ஒருவர், பாகிஸ்தானின் கராச்சி நகரில் உள்ள ஒரு வணிகருக்குச் செம்பனை எண்ணெய் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாகிஸ்தான் நெடுங்காலமாக மலேசியச் செம்பனை எண்ணெயை வாங்கும் நாடாகும். கராச்சி வணிகர் தம் வங்கிக்குச் சென்று விண்ணப்பம் செய்வார். அவருடைய நிதிநிலையை ஆராய்ந்த பின், அவ்வங்கி கிள்ளான் ஏற்றுமதியாளரின் பெயருக்கு ஒரு கடிதம் எழுதும். இன்ன தேதிக்குள் இவ்வளவு எண்ணெயை ஏற்றி, இன்னின்ன ஆவணங்களைக் காட்டினால், பணத்தை நாங்களே தருவோம் என்பதே அதன் சாரம். வணிகர் பிறகு மனம் மாறினாலும், கடையை மூடினாலும், எண்ணெய் விலை சரிந்தாலும், வங்கி தன் வாக்கை மீற முடியாது. ஏற்றுமதியாளரின் ஒப்புதலின்றி அக்கடிதத்தைத் திருத்தவோ நீக்கவோ இயலாது.

கடிதம் நேராக ஏற்றுமதியாளருக்கு வருவதில்லை. கராச்சி வங்கி அதனை மலேசிய வங்கி ஒன்றுக்கு, வங்கிகளுக்கிடையிலான பாதுகாப்பான செய்தி வலையமைப்பின்வழி அனுப்பும். கடிதம் உண்மையானதே என்பதை மலேசிய வங்கி உறுதிசெய்து ஏற்றுமதியாளரிடம் சேர்க்கும். அவர் எண்ணெயைக் கப்பலேற்றுவார். விலைப்பட்டியல், கப்பல் சரக்குச் சீட்டு, காப்புறுதிச் சான்று, பிறப்பிடச் சான்றிதழ், எடைக்கும் தரத்துக்குமான சான்றிதழ்கள் ஆகியவற்றைத் திரட்டி வங்கியில் கொடுப்பார். அவை சரியாக இருந்தால் பணம் கிடைக்கும். கப்பல் அப்போது இன்னும் கடலிலேயே இருக்கக்கூடும்.

‘சரியாக இருந்தால்’ என்ற சொல்தான் இம்முறையின் உயிர். பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட அனைத்துலக வணிகச் சங்கம், கடனுறுதிக் கடிதங்களுக்கான பொது விதிகளை முதன்முதலில் 1933இல் வெளியிட்டது. இப்போது நடப்பில் உள்ளவை 2007ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த ‘யு.சி.பி. 600’ விதிகள். அவற்றின்படி, வங்கிகள் கையாள்வது ஆவணங்களைத்தாம், பொருள்களை அன்று. வங்கி அதிகாரி துறைமுகத்துக்குப் போய் எண்ணெயை முகர்ந்து பார்க்க மாட்டார். தாளைப் பார்ப்பார், அதற்கு அவருக்கு அதிகபட்சம் ஐந்து வங்கி வேலை நாள்கள் உண்டு. மூலக் கப்பல் சரக்குச் சீட்டு இருந்தால், சரக்கு ஏற்றப்பட்ட 21 நாள்களுக்குள் ஆவணங்கள் வந்தாக வேண்டும். கடிதத்தின் காலக்கெடு அதற்கு முன் முடிந்தால், அதற்குள்ளேயே வர வேண்டும். ஒரு சொல்லுக்குக்கூட அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கடிதத்தில் எடை “சுமார் 500 டன்” என்று எழுதியிருந்தால், 450 முதல் 550 டன் வரை ஏற்கப்படும். அன்றாடப் பேச்சில் எவ்வளவு வேண்டுமானாலும் நீளக்கூடிய ‘சுமார்’, இங்கே சரியாகப் பத்து விழுக்காடு.

இக்கண்டிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கு சான்று. 1978இல் ஏமன் நாட்டைச் சேர்ந்த ஒருவர், ஆயத்த வீடுகள் இரண்டினை 62,500 டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தார். கடனுறுதிக் கடிதம் எழுதப்பட்டது. வீடுகளுக்கான கப்பல் சரக்குச் சீட்டில், வாங்குபவரின் பெயரில் ‘எஃப்’ என்னும் ஆங்கில எழுத்து வர வேண்டிய இடத்தில் ‘ஆர்’ என்று தட்டச்சாகியிருந்தது. நியூயார்க் வங்கி பணம் தர மறுத்தது. விற்பவர் வழக்குத் தொடுத்தார். 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வங்கியின் பக்கமே தீர்ப்பளித்தது. ‘ஸ்மித்’ என்ற பெயரின் இறுதியில் ஓர் எழுத்துக் கூடியிருந்தால், அது தட்டச்சுப் பிழை என்று யாருக்கும் விளங்கும். ஏமன் நாட்டுப் பெயரில் ஓர் எழுத்து மாறினால், அது பிழையா, வேறொரு மனிதரா என்று நியூயார்க்கில் அமர்ந்திருக்கும் எழுத்தர் எப்படி அறிவார்? இதுதான் நீதிமன்றத்தின் வாதம். கடுமையானதாகத் தோன்றினும் காரணமற்றதன்று.

இத்தகைய பிழைகள் அரியவையும் அல்ல. ஒரு நாள் தாமதமாகக் கப்பலேறுதல், விலைப்பட்டியலில் உள்ள பொருள் விவரம் கடிதத்தில் உள்ளதோடு பொருந்தாமை, ஒரு சான்றிதழில் கையொப்பம் விடுபடுதல் எனப் பல உண்டு. வங்கி பிழையைச் சுட்டிக்காட்டினால், வாங்குபவர் “பரவாயில்லை, பணம் கொடுங்கள்” என்று கூறிவிடலாம். சந்தை விலை ஏறியிருந்தால் அவர் அப்படித்தான் கூறுவார். விலை இறங்கியிருந்தால், அந்த ஓர் எழுத்துப் பிழை அவருக்குக் கிடைத்த பேரப் பொருளாகிவிடும். ஏற்றுமதி நிறுவனங்களில் ஆவணங்களைத் தயாரிக்கும் எழுத்தரின் மேசைக்கு இருக்கும் மதிப்பு இதனால்தான். அவர் கவனம் சிதறிய ஒரு நொடிக்கு, ஆலையில் ஒரு மாத உழைப்பு விலையாகலாம்.

தாளை மட்டும் பார்ப்பதில் மறுபக்க ஆபத்தும் உண்டு. நியூயார்க் வணிகர் ஒருவர் இந்தியாவின் லக்னோவில் உள்ள நிறுவனத்திடம், தூரிகை செய்யப் பயன்படும் பன்றி முடியை வாங்க ஏற்பாடு செய்தார். ஐம்பது பெட்டிகள் கப்பலேறின. ஆவணங்களில் ஒரு குறையும் இல்லை. பெட்டிகளில் இருந்தவையோ மாட்டு முடியும் குப்பையும் என்று வாங்கியவர் வழக்காடினார். பணம் கைமாறுவதற்கு முன்பே மோசடி வங்கியின் கவனத்துக்கு வந்துவிட்டால், ஆவணம் ஒழுங்காக இருக்கிறது என்பதற்காக மோசடிக்காரருக்குப் பணம் கிடைக்கச் செய்ய முடியாது என்று 1941இல் நியூயார்க் நீதிமன்றம் கூறியது. இவ்விதிவிலக்கைப் பல நாட்டு நீதிமன்றங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. ஆனால், வாயில் குறுகியது. பொருள் சற்றுத் தரம் குறைந்தது என்ற புகாரெல்லாம் அதற்குள் நுழைய முடியாது. தெளிவான மோசடி வேண்டும்.

வங்கியின் வாக்கும் ஓர் எல்லை வரைதான். கராச்சி வங்கி நேர்மையானதாக இருக்கலாம்; ஆனால், பணத்தை டாலரில் அல்லவா செலுத்த வேண்டும்? 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாகிஸ்தான் மத்திய வங்கியின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 300 கோடி டாலருக்கும் கீழே இறங்கியது. டாலர் இல்லாததால் வங்கிகள் கடனுறுதிக் கடிதம் திறக்கத் தயங்கின. கராச்சித் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான கொள்கலன்கள் தேங்கின. பருப்பும் வெங்காயமும் பெட்டிக்குள் இருக்க, நகரச் சந்தையில் அவற்றின் விலை ஏறியது. இத்தகைய நாடுகளோடு வணிகம் செய்வோர், தங்கள் நாட்டு வங்கி ஒன்றையும் அதே வாக்கைக் கொடுக்குமாறு கேட்பார்கள். அப்போது கராச்சி தவறினாலும் கோலாலம்பூர் செலுத்தும். அதற்குக் கட்டணம் உண்டு. நாட்டின் நிலை மோசமாக ஆக அதுவும் கூடும்.

பணமே இல்லாமலும்

வங்கிக் கட்டணமும் தாள் வேலையும் கூடியதால், நெடுநாள் பழகிய வணிகர்கள் கடனுறுதிக் கடிதத்தைக் கைவிட்டுத் திறந்த கணக்குக்கே திரும்புகிறார்கள். உலக வணிகத்தின் பெரும்பகுதி இன்று அவ்வாறே நடக்கிறது. பணம் வராமற்போகும் ஆபத்துக்குக் காப்புறுதி எடுத்துக்கொள்ளலாம். மலேசியாவில் எக்சிம் வங்கி ஏற்றுமதியாளர்களுக்கு அத்தகைய காப்புறுதியை வழங்குகிறது.

மிகப் பழைய முறையான பண்டமாற்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1990களில் மலேசியா இரஷ்யாவிடமிருந்து 18 மிக்-29 போர் விமானங்களை வாங்கியபோது, விலையின் ஒரு பகுதியைச் செம்பனை எண்ணெயாகக் கொடுத்தது. 2003இல் சுகோய் விமானங்கள் வாங்கப்பட்டன. அந்த ஒப்பந்தத்தின் ஓர் அங்கமாக, மலேசியர் ஒருவரை விண்வெளிக்கு அனுப்ப இரஷ்யா இசைந்தது. 2007 அக்டோபரில் ஷேக் முசாபார் ஷுக்கோர் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குச் சென்றது அப்படித்தான்.

ஒரே ஒரு மூலம்

தாளை நம்பியிருக்கும் முறைக்குத் தாளே எதிரியாகவும் இருக்கிறது. 2020இல் சிங்கப்பூரின் பெரிய எண்ணெய் வணிக நிறுவனங்களுள் ஒன்று கடனில் சரிந்தது. நடக்காத எண்ணெய் விற்பனையைக் காட்டி ஒரு வங்கியிடம் பணம் பெற்றதற்காகவும், போலி ஆவணம் தயாரிக்கத் தூண்டியதற்காகவும் அதன் நிறுவனருக்கு 2024இல் பதினேழரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அச்சரிவு நிகழ்ந்த ஆண்டிலேயே சில வங்கிகள் சரக்கு வணிகத்துக்குக் கடன் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டன. தவறேதும் செய்யாத சிறு வணிகர்களுக்கும் கடன் கிடைப்பது கடினமாயிற்று.

தாளுக்குப் பதிலாக மின்னாவணத்தைப் பயன்படுத்தினால் என்ன என்பது எளிதில் தோன்றும் கேள்வி. வங்கிகள் செய்திகளை மின்வழியில் அனுப்பத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இருந்தும், கப்பல் சரக்குச் சீட்டு மட்டும் பெரும்பாலும் தாளாகவே பறந்துகொண்டிருக்கிறது. சில வேளைகளில் கப்பல் துறைமுகத்தை அடைந்துவிடும். சீட்டு இன்னும் எங்கோ ஒரு வங்கியின் மேசையில் கிடக்கும்.

தயக்கத்துக்குக் காரணம் பழமைப் பற்று மட்டுமன்று. தாளை ஒரு நேரத்தில் ஒருவர்தான் கையில் வைத்திருக்க முடியும். அதனால்தான் ‘சீட்டை வைத்திருப்பவர் சரக்குக்கு உரியவர்’ என்று சட்டம் சொல்ல முடிந்தது. மின்கோப்பை நொடியில் நூறு படி எடுக்கலாம். நூறும் மூலத்தைப் போலவே இருக்கும். அவற்றுள் எது மூலம், அதை யார் வைத்திருக்கிறார் என்பதைச் சட்டமும் கணினியும் சேர்ந்து உறுதிப்படுத்த வேண்டும். சிங்கப்பூர் 2021இல் தன் மின்னியல் பரிவர்த்தனைச் சட்டத்தைத் திருத்தி, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே கட்டுப்படுத்தக்கூடிய மின்சீட்டுக்குத் தாள் சீட்டின் தகுதியை வழங்கியது. பிரிட்டன் 2023இல் அவ்வாறே ஒரு சட்டம் இயற்றியது. உலகக் கப்பல் ஒப்பந்தங்கள் பல ஆங்கிலச் சட்டத்தின்கீழ் எழுதப்படுவதால், அதன் விளைவு பிரிட்டனுக்கு வெளியேயும் உணரப்படும். ஆயினும், சரக்கு போய்ச்சேரும் நாட்டின் சட்டமும் மின்சீட்டை ஏற்க வேண்டும். அந்நாடு இன்னும் ஏற்காவிட்டால், கிள்ளான் ஏற்றுமதியாளர் தாளில் அச்சிட்டுக் கையொப்பம் வாங்கி, விரைவுத் தபாலில் அனுப்பத்தான் வேண்டும்.